மண்டபத்தில் கழற்றிய காலுறை

1

இந்த மாதம் என் மகள் ரெஜினா பாடம் சொல்லித்தரும் பள்ளிக்கு ஆண்டு விழா. விழாவோடு பள்ளியின் தலைவி மிஸஸ் கார்வுட் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறார். கொழும்பில் இது பெரிய செய்தியில்லை. வெள்ளைக்காரர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு யாரும் மாலை வாங்குவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளி என்றால் எழுத்துப் படிக்கும் பள்ளி அல்ல. பாலே என்கிற மேனாட்டு நடனத்தைப் பழக்கும் இடம். முனை கெட்டியான ஒரு பட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, உடம்பு முழுவதையும் கால்விரல் நுனியில் நிறுத்தி ஆடுவார்கள். ஊரில் இருந்து நான் எழுதும் இதை வாசிப்பவர்கள் இன்னும் ஒன்று தெரிந்துகொண்டால் போதும்: ஆடும்போது வலிப்பதாக முகத்தில் தெரியக் கூடாது.

நான் தங்கச்சிமடத்தில் பிறந்தவன். கொழும்புத் துறைமுகத்தில் சுகாதார அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றேன். கடல் தாண்டி வருகிறவர்களுக்கு அம்மையா, காலராவா என்று பார்த்து உள்ளே விடும் அலுவலகம். யாரை நிறுத்த வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற சுற்றறிக்கைகள் எல்லாம் என் விரல்கள் தட்டச்சு செய்தவை. ஓய்வு பெற்ற பின்பும் ஆண்டுதோறும் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கிறேன். கவுன்டரில் இருக்கும் பையன் சிங்களத்தில் கேட்பான், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன், அவன் எழுதிக்கொள்வது மூன்றாவதாக ஒன்று.

சவரிக்கு எல்லா ரூலும் தெரியும் என்று ஊரில் என்னைப் பெருமையாகச் சொல்வார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் கதவு சாத்திய பிறகுதான் பயப்படுகிறார்கள். எனக்கு வாசலைப் பார்த்ததுமே உள்ளே எத்தனை கதவு என்று தெரிந்துவிடும். அப்படி நான் பயந்த ஒரு பகலைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். மிஸஸ் கார்வுட் போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

2

ரெஜினா கூன் போட்டு உட்காருகிறாள் என்று கான்வென்ட் சிஸ்டர் ஒருவர்தான் அவளை அங்கே அனுப்பச் சொன்னார். நான் பிறப்புச் சான்று, ஞானஸ்நானச் சான்று, அம்மை குத்திய சான்று மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போனேன். மிஸஸ் கார்வுட் அவற்றைக் கையில்கூட வாங்கவில்லை. ரெஜினாவை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, அவளுடைய பாதத்தைத் தூக்கி, உள்ளங்கால் வளைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாளையிலிருந்து வரலாம் என்றார். விண்ணப்பப் படிவம் இல்லாத ஒரு நிறுவனத்தை நான் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

அவரிடம் ஒரு பிரம்பு இருந்தது. யாரையும் அடித்ததில்லை, தரையைத் தட்டித் தாளம் சொல்வார். பாராட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் அழுதால் அழுது முடிக்கும்வரை பியானோவை நிறுத்திவைப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்தே அழுகை நின்றுவிடும். எந்த வெயிலிலும் முழங்கால்வரை தடித்த காலுறை போட்டிருப்பார். ஆடுகிறவளின் பாதத்தை வெளியாள் பார்க்கக் கூடாது என்பது பள்ளியின் முதல் விதி. பெற்றோரும் வெளியாள்தான்.

அடுத்த இடத்தில் மிஸ் டொரீன். பறங்கி, அதாவது டச்சு, போர்த்துக்கீசியர் வழிவந்த சமூகத்துப் பெண். மிஸஸ் கார்வுட்டின் முதல் மாணவி. ஆடுவதற்கு வேண்டிய எல்லாமும் அவர் கையில்தான் இருந்தது. அந்தச் செருப்புகள் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். கொழும்பின் ஈரத்துக்கு அவற்றின் முனைப்பசை இளகிப்போகும். மிஸ் டொரீன் உள்ளே அரக்கு வார்னிஷ் தடவி, மதில்மேல் வரிசையாக வெயிலில் காயவைப்பார். கொப்புளம் வெடித்தால் ஸ்பிரிட் தொட்டு, சிவப்பு மருந்து போட்டு, பஞ்சு சுற்றி மறுபடி செருப்பை மாட்டிவிடுவார். வகுப்பு முடிந்து வெளியே வரும் ரெஜினாவிடம் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். அது என் அலுவலகத்தின் வாசனை. இருபது வருடம் அதற்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு அது மகள்மேல் அடிக்கும்போது எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு பருவமும் நினைப்பேன். ஒவ்வொரு பருவமும் அவள் ஒரு விரற்கடை நிமிர்ந்து வருவாள்.

3

நான் ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு, பள்ளிக்குச் சென்னையில் ஒரு மன்றத்தில் ஆட அழைப்பு வந்தது. தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் இறங்கி ரயில். தனுஷ்கோடி அப்போது இருந்தது. எல்லா நடைமுறையும் தெரிந்தவர் என்று என்னையும் கூட வரச் சொன்னார்கள். ரெஜினாவுக்கு அப்போது பதினைந்து வயது. மற்றப் பிள்ளைகள் இலங்கைப் பிரஜைகள். ரெஜினா என் மகள். ஆகவே எந்த நாட்டுக்கும் முழுதாகச் சொந்தமில்லாதவள். அவள் திரும்பி நுழைவதற்கான அனுமதி, எவ்வளவு கெஞ்சியும், அந்த வாரத்தோடு முடிவதாகத்தான் கிடைத்தது. அதற்குள் கரையேறாவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தவர்கள் எத்தனை வருடம் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சென்னையில் நன்றாகவே ஆடினார்கள். முன்வரிசையில் இருவர் தூங்கினார்கள். திரும்பும்போது மண்டபம் என்ற ஊரில் இறங்கி, இலங்கைக்குப் போகிறவர்களைச் சோதிக்கும் முகாமில் மருத்துவச் சீட்டு வாங்க வேண்டும்.

அந்த முகாமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அய்யாவின் தங்கை ஒருத்தி, எனக்கு அத்தை, தோட்ட வேலைக்குப் போவதற்காகப் பாம்பன் பாலம் தாண்டி அங்கே வந்தவள். கழுத்தில் நாலைந்து கொப்புளம். வேர்க்குரு என்றுதான் அய்யா கடைசிவரை சொன்னார். அவளைத் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள், அவள் திரும்பவில்லை. வேர்க்குருவா அம்மையா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயரைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லமாட்டார்கள். ரயிலில் போனால் அய்யா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். பிற்காலத்தில் நான் சேர்ந்த உத்தியோகம் என்னவென்று அவருக்கு விளக்கியபோது, சரி என்று மட்டும் சொன்னார்.

4

நான் ஆண்கள் பெட்டியில் இருந்தேன். பெண்கள் பெட்டியில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. பரமக்குடி தாண்டியதும் மிஸ் டொரீன் மேடை ஒப்பனைப் பெட்டியைத் திறந்திருக்கிறார். டாக்டர் முன்னால் பிள்ளைகள் புண்ணும் கட்டுமாகப் போய் நிற்பதாவது. கட்டுகளை அவிழ்த்து, எல்லாப் பாதங்களுக்கும் வண்ணம் பூசிவிட்டார். மேடையில் எல்லாக் கால்களும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்பதால் அவர்களிடம் இருந்தது ஒரே டப்பாதான். இளஞ்சிவப்பு. பறங்கிப் பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

முகாமின் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமான மனிதர். என் பழைய உத்தியோகம் அவருக்குத் தெரியும். உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டையும் பார்ப்பது விதி. அம்மை அங்கே ஒளியாது. நான் கதவோரம் நின்றேன். பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டினார்கள். ஒவ்வொன்றாகக் கடந்து வந்தவர் ரெஜினாவிடம் நின்றார்.

“உம்மட முகம் ஒரு நிறம், பாதம் ஒரு நிறம். அதேன் பிள்ளை?”

ரெஜினா பாதத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பள்ளியின் முதல் விதி. அவர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அவளுடைய பாதத்தைத் துடைத்தார். வண்ணம் பஞ்சோடு வந்தது. கீழே கொப்புளங்கள், உடைந்தவையும் உடையாதவையும்.

“ஆர் பூசினது?”

மிஸ் டொரீன் முன்னால் வந்து, தான்தான் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று பூசியதாக ஆங்கிலத்தில் சொன்னார். அது முழு உண்மை. அறையில் அதை நம்பக்கூடிய ஒரே ஆள் நான். கொப்புளத்தை மறைப்பது தனிக் குற்றம் என்ற பத்தியைத் தட்டச்சு செய்தவனும் நான்.

டாக்டர் மற்றப் பிள்ளைகளையும் துடைத்தார். எல்லார் காலிலும் கொப்புளம். ஒருத்திக்கு இருந்தால் புண் என்று விட்டிருப்பார். வரிசையாக எல்லாருக்கும் இருந்தால் அதற்குப் பெயர் தொற்று. தெர்மாமீட்டர் வைத்தார்கள். ரெஜினாவுக்கு மட்டும் காய்ச்சல் இருந்தது.

“எல்லாரையும் நிப்பாட்டி வையுங்கோ. இந்தப் பிள்ளை தனியா,” என்றார் நர்ஸிடம். கொட்டகை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே உண்மையாகவே நோய் கண்டவர்கள் இருப்பார்கள். நோய் இல்லாமல் போகிறவளுக்கும் அங்கே கிடைத்துவிடும். கிடைக்காமல் வெளியே வந்தாலும் அதற்குள் அனுமதி முடிந்திருக்கும். இரண்டு கதவுகளும் எனக்கு ஒரே சமயத்தில் தெரிந்தன.

நான் மூச்சு வாங்க வேலிப் பக்கம் போனேன். வெளியே என் அண்ணன் அந்தோணி கூடையோடு நின்றிருந்தார். நாங்கள் இந்த வழியாகப் போகிறோம் என்று தெரிந்து தங்கச்சிமடத்திலிருந்து பொரித்த மீனோடு வந்திருந்தார்.

“ஏலே சவரி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? புள்ள எங்க?”

“உள்ள வச்சிருக்காங்கண்ணே. காலெல்லாம் புண்ணு. காய்ச்சலும் அடிக்குது.”

அவர் கூடையைத் தரையில் வைத்தார். “கொட்டகைக்கா?”

“இன்னும் போகல.”

“நீ இதே உத்தியோகந்தான பாத்த. ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கும்?”

“நான் அந்த நாற்காலில இருந்தா நானும் நிப்பாட்டித்தான் வைப்பேன்.”

“நல்லாருக்குலே ஒன் படிப்பு,” என்றார். பிறகு குரலை இறக்கினார். “சரி விடு. நீ கப்பலுக்குப் போ. நா இங்கன கெடக்கேன். புள்ள வெளிய வந்ததும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். நம்ம ஊர்ல சோறில்லையா, கோயிலில்லையா? ரெண்டு வருசம் போனா நல்ல பயலாப் பாத்து முடிச்சு விட்டுருவோம். நீ வாராட்டியும் நா நின்னு செய்வேன்.”

அவர் முழு மனதோடு சொன்னார். அதனால்தான் எனக்கு அது பயமாக இருந்தது. சட்டப்படியும் அதுதான் நடக்கும். இரக்கமுள்ள ஒரு பெரியப்பாவின் வீட்டில், அம்மாவும் அப்பாவும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க, நிமிர்ந்த முதுகோடு என் மகள் ஒரு அடுப்படியில் நிற்பாள்.

அந்த நேரம் ஜன்னலில் ரெஜினாவின் முகம் தெரிந்தது. “அப்பா, பெரியப்பா வந்திட்டான்,” என்றாள். அவசரத்தில் அவளுடைய தமிழில் மரியாதை விகுதி நழுவிவிடும்.

அண்ணன் சிரித்தார். “வந்திட்டான் தாயி. ஒம் பெரியப்பன் வந்திட்டான். மீனு கொண்டாந்துருக்கான்.” சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

5

நான் உள்ளே திரும்பியபோது மிஸஸ் கார்வுட் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ரெஜினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குனிந்து, முழங்காலிலிருந்து காலுறையைச் சுருட்டி இறக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் வேறு பக்கம் திரும்பினார்.

“திரும்ப வேண்டாம் டாக்டர். பார்ப்பதுதானே உங்கள் வேலை,” என்றார் அவர்.

நான் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். பெருவிரல்கள் இரண்டும் உள்பக்கம் வளைந்து அடுத்த விரலின் மேல் ஏறியிருந்தன. அவற்றின் மூட்டு, கொட்டைப்பாக்கு ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தது போலப் புடைத்திருந்தது. நகங்கள் பாதி இல்லை. விரல் முட்டிகளில் பளபளப்பான பழைய தழும்புகள், குதிகாலில் ஒரு கோடு. மிஸ் டொரீன் மறுபக்கம் உட்கார்ந்து தன் காலுறையையும் கழற்றினார். அவருடையவை இன்னும் அவ்வளவு வளையவில்லை. வளைந்துகொண்டிருந்தன.

டாக்டர் முழங்காலிட்டு மூன்று ஜோடிப் பாதங்களையும் அருகருகே வைத்தார். ரெஜினாவின் கொப்புளம் எந்த விரல் முட்டியில் இருந்ததோ அதே முட்டியில் மற்ற இருவருக்கும் தழும்பு. அவளுக்குக் குதிகாலில் எங்கே தோல் உரிந்திருந்ததோ அங்கேதான் அவர்களுக்குக் கோடு. மற்றப் பிள்ளைகளையும் ஒரு முறை சுற்றிப் பார்த்து வந்தார். பெரியவர்கள் இருவரின் பெருவிரல் மூட்டுகளையும் அழுத்திப் பார்த்தார். மிஸஸ் கார்வுட்டுக்கு வலித்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இது எத்தனை காலமாக இருக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே.”

டாக்டர் எழுந்தார். “அம்மை இப்பிடி எல்லாருக்கும் ஒரே இடம் பாத்து வாறேல்லை,” என்றார் தமிழில், தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்தார். “ஆனா காய்ச்சல் காய்ச்சல்தான் ஐயா. உமக்குத் தெரியும். பின்னேரம் ஒருக்காப் பாப்பம்.”

தெரியும். கொப்புளம் முந்தியா, காய்ச்சல் முந்தியா என்பதெல்லாம் தெரியும். அந்தப் பகல் முழுவதும் எனக்குத் தெரிந்தவை ஒவ்வொன்றாக எழுந்து வந்து என் முன்னால் நின்றன. அண்ணன் வேலிக்கு வெளியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். மீனை யாரும் தொடவில்லை. மிஸஸ் கார்வுட் ஈரத்துணியை ரெஜினாவின் நெற்றியில் போட்டு, வெறுங்காலோடு அவள் பக்கத்திலேயே இருந்தார். காலுறையைத் திரும்பப் போடவில்லை. அவர் அவளிடம் மெதுவாக ஏதோ சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கவில்லை.

பின்னேரம் டாக்டர் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதறிவிட்டு மறுபடி வைத்தார். அந்த இரண்டாவது முறைக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் என் அத்தையின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை. அவள் கழுத்துதான் வந்தது.

“இறங்கியிருக்கு,” என்றார். “புண்ணால வந்த காய்ச்சல்தான். எண்டாலும் கொழும்பில ஒவ்வொரு நாளும் காலமை சுகாதார அலுவலகத்தில காட்டவேணும். மூண்டு பேரும்.”

அவர் சட்டப்படி சரியாகச் செய்தார். காய்ச்சல் இல்லாத மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டார்; காய்ச்சல் கண்டவளோடு ஒரே பெஞ்சில் ஒன்றாகப் பரிசோதித்த இருவரையும் சேர்த்து மூன்று பேரையும் கண்காணிப்பில் வைத்தார்.

அண்ணன் கூடையை வேலிக்கு மேலாக நீட்டினார். “போறியா தாயி?” என்று ரெஜினாவைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் சேர்ந்து தெரிந்தன.

6

கப்பலில், கரை மறைந்த பிறகு, ரெஜினாவிடம் கேட்டேன்.

“அவங்க காலப் பாத்தியா?”

“பாத்தன்.”

“ஒன் காலும் அப்படித்தான் ஆகும்.”

“அதைச் சொல்லித்தான் அப்பா அவங்க என்னோட பேசினாங்க. ஆடுறத இப்பவே நிப்பாட்டலாம், ஒருத்தரும் கோவிக்கமாட்டாங்க எண்டு சொன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அவங்க எனக்காகக் காட்டினாங்க அப்பா. எங்களில ஒருத்தருக்கும் ஒருநாளும் காட்டினதில்ல.” பிறகு, “எனக்கு நிப்பாட்ட ஏலாது,” என்றாள்.

அவளைக் கொட்டகையிலிருந்து மீட்ட பாதங்கள் அவை. அவளுக்கு இனி என்ன ஆகும் என்று எனக்குக் காட்டியவையும் அவைதான். எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை.

கொழும்பில் தினமும் காலை மூவரும் என் பழைய அலுவலகத்துக்கு வந்தார்கள். என் கீழ் இருந்த எழுத்தர்தான் பெயர் கூப்பிட்டார். மிஸஸ் கார்வுட் துறைமுகத் தொழிலாளிகளுக்கு நடுவே வரிசையில் வெறுங்காலோடு நின்றார். ஒருநாள்கூடத் தாமதமாக வரவில்லை. கெடு முடிந்த மறுநாள் காலுறை முழங்கால்வரை ஏறியது. அதன் பிறகு அவர் பாதத்தை யாரும் பார்த்ததில்லை.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆயின. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய்விட்டது. அண்ணனும் போய்விட்டார். எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கனவு காண்கிறார்கள். பள்ளி இனி மிஸ் டொரீனுடையது. ரெஜினா அவருக்கு அடுத்த இடத்தில். வீட்டில் மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தத்தை நான் கவனிக்கிறேன். முன்பு இரண்டு படியாகத் தாவுவாள். இப்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து இறங்குகிறாள். வீட்டுக்குள்ளும் காலுறை போட்டிருக்கிறாள். காலைக் காட்டு என்று ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்ட அலுவலகத்தில் இருந்தவன் நான். அவளைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று விழா ஏற்பாட்டுக்காக அவளோடு பள்ளிக்குப் போயிருந்தேன். புதிதாக ஒரு சிறுமியைச் சேர்க்க அவளுடைய தகப்பனார் வந்திருந்தார். வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் தமிழர். கையில் சான்றிதழ்களின் நகல்கள். யாரும் அவற்றை வாங்கவில்லை. உள்ளே ரெஜினா சிறுமியைப் பெஞ்சில் உட்காரவைத்து, அவளுடைய பாதத்தைத் தூக்கி உள்ளங்கால் வளைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஐயா, நீங்கள் இஞ்ச பழக்கமான ஆள் போல. இதில பயப்பிட ஏதும் இருக்கோ?”

“இருக்கு,” என்றேன்.

அவர் நான் மேலே சொல்வதற்காகக் காத்திருந்தார். அதற்குள் ரெஜினா சிறுமியின் பாதத்தைக் கீழே இறக்கிவிட்டு, நாளையிலிருந்து வரட்டும் என்றாள். சிறுமி பெஞ்சிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அவர் மகளை வாரி எடுத்துக்கொண்டார். நான் சொன்னது அவருக்கு மறந்துவிட்டது. சிறுமியின் வெறும் பாதம் அவர் கைக்குள் இருந்தது, சின்னதாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.